பழத்தோட்டத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வீட்டை ஒட்டி அரை ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. ஆப்பிள், பீச், செர்ரி என 20 மரங்களும், கூடவே ப்ளூபெர்ரி, ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரியும் வைக்க ஆசை. கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். போதாததற்கு ஐந்து வருடத் தனிநபர் கடன் வாங்கி, இந்தப் பருவத்திலேயே எல்லாவற்றையும் நட்டுவிடலாமா? பழத்தை விற்றுத் தவணை கட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

பதில்: கடன் வேண்டாம். தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். ஆப்பிளுக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. குட்டை ரகமே காய்ப்புக்கு வர 2 முதல் 4 வருடம் பிடிக்கும். பெரிதாக வளரும் மரம் என்றால் 6 முதல் 10 வருடம். கடைசித் தவணை கட்டும் நாளிலும் சில மரங்களில் பூவைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். வட்டியைச் சம்பளத்திலிருந்துதான் கட்டுவீர்கள்.

கடன் இல்லாமலே இதைச் செய்ய முடியும், செலவை மூன்று வருடத்துக்குப் பிரித்துக்கொண்டால். முதல் வருடம் மரமே வாங்காதீர்கள். மண் பரிசோதனை, தண்ணீர்க் குழாய், வேலி ஆகியவற்றுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். கன்று விலையை எண்ணிக்கையால் பெருக்கி 'இவ்வளவுதானே' என்று கிளம்புகிறவர்கள் வேலியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இளங்கன்றின் பட்டையை முயல் சுற்றிலும் கடித்துவிட்டால் கடிபட்ட இடத்துக்கு மேலே எல்லாம் பட்டுப்போகும். ஒரே ராத்திரி போதும்.

ப்ளூபெர்ரிக்கும் இந்த முதல் வருடம் தேவை. அதற்கு மண்ணின் பி.ஹெச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். உங்கள் மண் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் கந்தகம் போட்டு இறக்கலாம், ஆனால் அது வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும். இந்த வருடம் கந்தகம், அடுத்த வருடம் செடி. சுண்ணாம்பு மண் என்றால் ப்ளூபெர்ரியை மறந்துவிடுங்கள். வருடாவருடம் மண்ணோடு மல்லுக்கட்டும் செலவு கட்டுப்படியாகாது.

ஸ்ட்ராபெர்ரியை மட்டும் இப்போதே நடலாம். 25 செடி போதும், 100 வேண்டாம். பெரும்பாலான ரகங்கள் தாமே ஓடுகொடி விட்டு அடுத்த வருடம் இலவசமாகக் கன்று தரும். ராஸ்பெர்ரியும் வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பரவும் ஜாதிதான்.

இரண்டாம் வருடம் மரத்துக்கு வரலாம். அதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள். அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. பெரிய ஆப்பிள் மரத்துக்கு 30 அடி இடைவெளி விட்டால் 20 மரங்களே 18,000 சதுர அடியை விழுங்கிவிடும். வேர்ச்செடியால் (ரகத்தை ஒட்டுக்கட்டும், வேர் தரும் அடிச்செடி) குட்டையாக்கப்பட்ட மரத்துக்கு 10 அடி போதும், அதாவது மொத்தம் 2,000 சதுர அடி. ஆனால் குட்டை மரம் சும்மா வராது. ஆயுள் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும், தண்ணீரும் தவறக்கூடாது, ஆயுளும் குறைவு. அப்படியும் உங்கள் இடத்துக்கு நான் குட்டையைத்தான் சொல்வேன், அதுவும் 20 அல்ல, எட்டு. வளர்ந்த பெரிய மரம் ஒன்றே நல்ல வருடத்தில் 100 கிலோவுக்கு மேல் காய்க்கும். குட்டை மரம் அதில் சிறு பங்குதான் தரும் என்றாலும், ஒரு குடும்பம் எத்தனை ஆப்பிள்தான் தின்னும்? மிச்சத்தை விற்க ஆள், வண்டி, நேரம் எல்லாம் வேண்டும். ஆகவே விற்பனை வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; கடையில் வாங்காமல் மிச்சமாகும் பழச்செலவை மட்டும் வரவாக எழுதுங்கள்.

ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் போய்ச் சேர, ஆப்பிளில் ஒரே சமயத்தில் பூக்கும் இரண்டு ரகங்களாவது வேண்டும். இனிப்புச் செர்ரி பெரும்பாலும் அப்படித்தான். பீச்சும் புளிப்புச் செர்ரியும் பொதுவாகத் தனியாகவே காய்க்கும், ஒன்று போதும். குளிர்காலக் குளிர் எவ்வளவு தேவை என்பது ரகத்துக்கு ரகம் மாறும். உங்கள் ஊரின் குளிர் போதாத ரகத்தை வாங்கினால் இலை மட்டும்தான் மிஞ்சும்.

பெரிய தொட்டிக் கன்று வாங்கினால் சீக்கிரம் காய்க்குமா என்றும் யோசித்திருப்பீர்கள். அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மண் உதறி, வெறும் வேரோடு விற்கும் ஒரு வயதுக் கன்று மலிவு. நட்ட இடத்தில் சீக்கிரம் வேர்பிடித்துப் பெரிய கன்றைப் பெரும்பாலும் எட்டிப்பிடித்துவிடும்.

கையில் இருப்பதில் கால் பங்கை மூன்றாம் வருடத்துக்கென்று தொடாமல் வையுங்கள். பட்டுப்போன கன்றுக்கு மாற்று வாங்கவும் கோடைத் தண்ணீருக்கும் அது தேவைப்படும்.

குட்டை மரத்தை நடும்போது ஆளை விட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். தண்டின் அடியில் லேசாகப் புடைத்திருக்கும் ஒட்டு முடிச்சு, அதாவது ரகமும் வேர்ச்செடியும் சேரும் இடம், மண் படிந்த பிறகும் தரைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். அது புதைந்தால் மேலே இருக்கும் ரகம் சொந்தமாக வேர்விட்டு, காசு கொடுத்து வாங்கிய குட்டை மரம் கொஞ்ச வருடத்தில் 30 அடி கேட்கும்.