கரைக்கும் மருந்து அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள்

ஃபில்லர் (முகத்தில் மேடாக்க வேண்டிய இடத்தில் போடும் ஜெல் ஊசி), பீல் (ஆசிட் வைத்துத் தோலின் மேலடுக்கை உரிப்பது), பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து பிரித்த பகுதியைத் தோலில் ஊசியாகப் போடுவது) பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றுக்கு நம் தோல் மருத்துவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மூக்கு சப்பை என்று யார் யாரோ சொல்லி, ஃபில்லர் ஊசி போட்டே ஆக வேண்டும் என்கிறாள். நாங்கள் வழக்கமாகப் போகும் பார்லரிலேயே ‘வாரம் ஒரு நாள் டாக்டர் வருவார், பத்து நிமிட வேலை’ என்கிறார்கள். அனுப்பலாமா டாக்டர்?
– ஒரு அம்மா, திருப்பூர்

பதில்: பார்லருக்கு அனுப்பாதீர்கள் அம்மா. ஃபில்லரே கூடாது என்று சொல்லவில்லை, நானும் போடுகிறவள்தான். ஆனால் முகத்திலேயே ஆபத்து அதிகமுள்ள இடங்கள் மூக்கும் புருவ நடுவும். அங்கே ஓடும் ரத்தக் குழாய்களுக்கும் கண்ணுக்குப் போகும் குழாய்க்கும் தொடர்பு உண்டு. ஊசி முனை தவறிக் குழாய்க்குள் இறங்கி ஜெல் உள்ளே போனால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். அழுத்திய வேகத்தில் ஜெல் பின்னோக்கிப் போய் விழித்திரைக்கான குழாயை அடைத்தால் பார்வையே போய்விடும். அபூர்வம்தான், ஆனால் நடந்துவிட்டால் விழித்திரை ரத்தமில்லாமல் ஒன்றரை மணி நேரம் தாங்கினாலே அதிகம், ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரி தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

பெரும்பாலும் போடுவது ஹயலூரோனிக் ஆசிட் ஜெல். ஹயலூரோனிடேஸ் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் இந்த ஜெல் கரையும். கால்சியம் வகை ஃபில்லரும் சிலிக்கானும் அதற்குக் கரையாது, அதனால் கரைக்க முடியாத எதையும் மூக்கில் போடச் சம்மதிக்காதீர்கள். எங்கே போனாலும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: ஹயலூரோனிடேஸ் இந்த அறையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள். ‘தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஒரு பெண் என்னிடம் வந்தாள், மூக்கு நுனியில் ஊசி போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. போட்ட உடனே நுனி வெளுத்து, வலி உயிர் போயிருக்கிறது. போட்ட இடத்தில் ‘வீக்கம்தான், ஐஸ் வையுங்கள்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கும்போது மூக்கின் ஒரு பக்கம் வலை விரித்ததுபோல நீலமும் சிவப்புமாகக் கோடுகள், ஓரத்தில் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள். விரலால் அழுத்தி எடுத்தேன். இரண்டு, மூன்று விநாடியில் திரும்ப வேண்டிய நிறம் வரவேயில்லை. கரைக்கும் ஊசியை அன்று மாலை வரை திரும்பத் திரும்பப் போட்டோம். மூக்கு தப்பியது, தழும்பு தங்கிவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காதே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த அழுத்திப் பார்க்கும் சோதனையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். வெளுப்பு, தாங்க முடியாத வலி, வலைபோன்ற நிறமாற்றம், கண் மங்கல் என்று எது வந்தாலும் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடாமல் அந்த நிமிடமே மருத்துவரைப் பிடியுங்கள்.

சரி, தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போடுவது என்று முடிவானால், கல்யாணத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் போடுங்கள், வீக்கமும் கன்றலும் வடிய நாள் வேண்டும். பல் வேலை இருந்தால் ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். சிரிஞ்சு உள்ள டப்பாவின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லி, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சமே வேண்டாம். அமெரிக்காவிலேயே 2024ல் போலி போட்டாக்ஸும் (முகச் சுருக்கத்துக்குப் போடும் ஊசி மருந்து) தகுதியில்லாதவர்கள் போட்ட ஊசியுமாகச் சேர்ந்து 11 மாநிலங்களில் 22 பேருக்குப் பாதிப்பு வந்தது, அதில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று.

கேள்வி: வயது 26, பைக்கில் டெலிவரி வேலை. மெடிக்கலில் வாங்கிய கிரீமை ஒரு வருடம் போட்டேன், முகம் வெளுத்தது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது, பரு வருகிறது. கெமிக்கல் பீல் செய்தால் சரியாகுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இப்போது பீல் வேண்டவே வேண்டாம் தம்பி. அந்த டியூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன் என்றோ, ‘சோன்’ என்று முடியும் வேறு பெயரோ இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டு, நாள்கணக்கில் போட்டால் தோலை மெலிய வைத்துவிடும். இப்படிப்பட்ட கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே விதி வந்துவிட்டது, ஆனாலும் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். மெலிந்துபோன தோலில் ஆசிட் வைத்தால் புண்ணாகும், நம் மாதிரி மாநிறத் தோலில் புண் ஆறினாலும் கறுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். முதலில் மருத்துவர் மேற்பார்வையில் கிரீமிலிருந்து வெளியே வாருங்கள், சில மாதங்கள் பிடிக்கும். அப்புறம் பீல் தேவைப்பட்டால் காதுக்குப் பின்னால் சோதித்துவிட்டு, குறைந்த வீரியத்தில் தொடங்கச் சொல்லுங்கள். வெயிலில் வண்டி ஓட்டுகிறவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட முடியாத வேலை என்றால் எந்த பீலும் உங்களுக்குச் சரிவராது.

கேள்வி: முடி உதிர்வதற்கு பி.ஆர்.பி. சொல்கிறார்கள். சொந்த ரத்தம்தானே, அதில் என்ன ஆபத்து?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: ரத்தம் உங்களுடையதுதான், ஊசியும் டியூபும் உங்களுடையதா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அனுமதியில்லாத ஒரு ஸ்பாவில் இதே முறையில் முகத்துக்குச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ஸ்பாவை 2018ல் மூடினார்கள், முழு விசாரணை அறிக்கை 2024ல் வந்தது. ரத்தம் எடுத்ததுமே டியூபில் உங்கள் பெயர் ஒட்டப்படுகிறதா என்று பாருங்கள், ஊசியும், தோலில் உருட்டும் நுண்ணூசி ரோலரும் புதுக் கவரிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே சந்தேகமான இடத்தில் செய்துகொண்டிருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம், விவரத்தை ரகசியமாக வைத்திருப்பார்கள்.