சந்தையில் நின்று அக்கார்டியன் வாசிக்க எப்படித் தயாராவது?

"இரண்டு வருடமாக வீட்டில் பழகுகிறேன். வரும் வசந்த காலத்தில் பிரான்ஸில் எங்கள் ஊர் ஞாயிற்றுச் சந்தையில் வாசிக்க ஆசை. என்னென்ன தயார் செய்ய வேண்டும்?" இவ்வளவுதான் கேட்டிருக்கிறீர்கள். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். அடுக்குமாடி வீடு. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். அதனால் சன்னலை மூடி, நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டாண்டில் தாளை வைத்து, மெதுவாக வாசிக்கிறீர்கள். சரியா? நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் என் முதல் ஞாயிறு அவ்வளவு கேவலமாகப் போனது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய வித்வான் இல்லை. காரைக்காலில் மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவன். பிழைப்புக்குப் பள்ளிக்கூடச் சமையலறை, பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில். நாற்பத்தாறு வயதில்தான் பழைய சாமான் விற்கிற லெபோன்குவான் இணையதளத்தில் 350 யூரோவுக்குப் பழைய அக்கார்டியன் ஒன்றை வாங்கினேன். "சுதி சுத்தமாக இருக்கிறது" என்று விற்றவர் சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடு ஸ்தாயியில் மூன்று ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற உலோக நாக்கு) அழுகிறது. அந்தக் கதை வேண்டாம். இசைக் கல்லூரியில் படித்தவர்கள் இதைப் படித்துச் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஐந்து வருடமாக மாதத்தில் இரண்டு ஞாயிறு சந்தையில் நிற்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு, மார்ச் மாதம். ஆறு மெட்டு நன்றாகத் தெரியும், போதும் என்று கிளம்பினேன். சந்தைக்கு வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் என்னைக் கடந்து போய்விடுவார்கள், ஆறு மெட்டையும் யார் முழுதாகக் கேட்கப்போகிறார்கள் என்று கணக்கு. ஒலிவக் காய் கடைக்கும் பாலாடைக்கட்டிக் கடைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே நின்றேன். முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதே காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போய் மீன் கடைப் பனிக்கட்டி மேல் போட்டது. மீன்காரர் ஒரு விலாங்கைத் தள்ளிவிட்டு எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாளில் இன்னமும் வாடை போகவில்லை.

இருபது நிமிடத்தில் தோள் விட்டுப்போனது. என்னுடையது 96 பேஸ், அதாவது இடது கைக்கு 96 பொத்தான், பத்து கிலோ பக்கம். வீட்டில் அது தொடை மேல் உட்கார்ந்திருக்கும், கனமே தெரியாது. நின்றால் மொத்தமும் இரண்டு தோல் வாரில் தொங்கும். இடது கை துருத்தியை இழுத்துத் தள்ள வேண்டும், பொத்தானையும் அழுத்த வேண்டும். இடுப்பு முன்னால் வளைய ஆரம்பித்தது.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் கழித்து ஒலிவக் காய்க்காரர் வந்தார். அல்ஜீரியர், பெரியவர், மரியாதையான மனிதர். கையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் காரம் போட்ட ஒலிவக் காய். "முசியே, அழகாக வாசிக்கிறீர்கள். ஆனால் இந்த வால்ஸ் இதோடு ஐந்தாவது தடவை" என்றார்.

எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாங்க வருகிறவர் ஐந்து நிமிடம்தான் நிற்பார், உண்மை. கடைக்காரர் விடிகாலையிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை அங்கேயே நிற்கிறாரே! அவரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வருவது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. கடைக்காரர் காதுக்குத் தயாராகுங்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் உங்களுக்கு இடம் உண்டு. பிடிக்காமல் போனால் எந்த அனுமதிச் சீட்டும் உங்களைக் காப்பாற்றாது.

சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. அன்று பத்தரை மணிக்கு பிளாசியே வந்தார். சந்தையில் கடைக்காரர்களுக்கு இடம் பிரித்துக் கொடுத்து வாடகை வசூலிப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "யாரைக் கேட்டு நிற்கிறீர்கள்?" என்றார். நான் யாரையும் கேட்கவில்லை. தெருவில் வாசிக்கிறவனுக்கு எதற்கு அனுமதி என்ற எண்ணம். சந்தை தெருவில் நடந்தாலும் அன்றைக்கு அது மேரியின், அதாவது நகராட்சியின், சந்தை. பதினொன்றேமுக்காலுக்குள் மூட்டை கட்டச் சொன்னார். 11 யூரோ 40 சென்ட், இரண்டு மாண்டரின் ஆரஞ்சு, ஒரு கிண்ணம் ஒலிவக் காய். இதுதான் முதல் நாள் வரும்படி.

மறுவாரம் மேரிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: ஒலிபெருக்கி கூடாது, வண்டிகள் சாமான் இறக்கி முடிக்கும் முன் வரக்கூடாது, ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது. உங்கள் ஊரில் வேறு மாதிரி இருக்கும், போய்க் கேளுங்கள். கடிதம் கிடைத்தாலும் முதல் நாள் பிளாசியேயைத் தேடிப்போய் ஒரு போன்ழூர் சொல்லிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுவது தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு இடம் மாறினால் ஒரு கடைக்காரருக்கு அரை மணி நேரம்தான் என் தொல்லை. அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

இனி வாத்தியம். வெட்டவெளியில் இடது கை அதிகத் தூரம் கேட்காது. வீட்டில் சுவர் திருப்பிக் கொடுத்த சத்தத்தைக் கேட்டுப் பழகிவிட்டு, சந்தையில் "பேஸ் எங்கே போச்சு" என்று இன்னும் ஓங்கி இழுப்போம். அது வீண். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரோ மூடிய கடைக் கதவோ இருக்கிற மாதிரி நில்லுங்கள். பேஸைக் குறுக்கித் தட்டுங்கள், நீட்டிப் பிடிக்காதீர்கள். காற்றும் மிச்சமாகும். எல்லா ரீட்டும் சேர்ந்து ஒலிக்கிற பொத்தானைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், அது துருத்தியில் இருக்கும் காற்றை எல்லாம் குடித்துவிடும். ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று ரீட் லேசாகச் சுதி விலகி அதிர்கிற மியூசெத் ஒலியே கூட்டத்துக்கு மேலே தனியாகக் கேட்கும். பாரிஸ் அக்கார்டியன் என்றதும் நம் காதில் வருகிற நடுக்கம் அதுதான்.

என்னைப் போல் ஆர்மோனியத்திலிருந்து வருகிறவர் என்றால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஆர்மோனியத்தில் இடது கை பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே காற்று சேர்ந்திருக்கும், எங்கே அடித்தாலும் பாட்டு உடையாது. அக்கார்டியனில் துருத்தி திரும்புகிற ஒவ்வொரு இடமும் வெளியே கேட்கும். பாடகர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கேதான் துருத்தி திரும்ப வேண்டும். இதற்கு மட்டும் எனக்கு ஆறு மாதம் ஆனது. குளியலறையில் பாடிக்கொண்டே கையை விரித்துச் சுருக்கிப் பழகினேன். "என்னங்க, உள்ளே என்ன கராத்தேவா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

தாளே வேண்டாம். மனப்பாடமாக இருபத்தைந்து மெட்டாவது இருக்கட்டும், அரைகுறையாகத் தெரிந்த நாற்பது வேண்டாம். வாசிக்கும்போது ஒருவர் வழி கேட்பார், ஒரு நாய் காலை முகரும், குழந்தை பொத்தானை அமுக்கும். அப்போதும் கை நிற்காமல் ஓடினால்தான் அது மனப்பாடம். வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்து, நின்றுகொண்டு, ஒருவரோடு பேசிக்கொண்டே வாசித்துப் பாருங்கள். நாற்காலியை இன்றைக்கே பரணில் ஏற்றிவிடுங்கள். முதுகில் இரண்டு வாரையும் குறுக்கே இணைக்கிற சின்னப் பட்டி ஒன்று விற்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். தோளிலிருந்து வார் நழுவாது. வாத்தியம் இன்னும் வாங்கவில்லை என்றால் 120 பேஸ் பக்கம் போகாமல் 48 அல்லது 72 பாருங்கள். "120 இல்லாமல் அக்கார்டியனா" என்பவர்கள் அதை மாட்டிக்கொண்டு ரயில் நிலையப் படி ஏறிக் காட்டட்டும்.

குளிரில் விரல் நுனி வெட்டிய கையுறை. டிசம்பரில் வெளியே மூன்று டிகிரியில் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். ரீட் எஃகு. சூட்டுக்கு வந்த உடனே திறந்தால் அதில் ஈரம் படியும், பிறகு துரு. ஒரு மணி நேரம் மூடியே கிடக்கட்டும். வெயில் அதைவிட மோசம். அந்த ரீட்டுகளைப் பிடித்திருப்பது தேன்மெழுகும் பிசினும் கலந்த மெழுகு. ஒரு ஜூலையில் சந்தை முடிந்து காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பிரியாணி, பேச்சு, நான்கு மணி நேரம். திரும்பி வந்து எடுத்தால் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம். மெழுகு இளகி இரண்டு ரீட் கழன்று விழுந்திருந்தது. பழுதுபார்த்தவர் 180 யூரோ வாங்கினார், திட்டு இலவசம்.

நீங்கள் கேட்காததும் ஒன்று உண்டு. கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள்.

இரண்டாவது வருடம். எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்து மெட்டு ஒன்று, திஸ்ர நடை, வால்ஸ் போலவே மூன்று எண்ணிக்கை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது தமிழ்ப் பாட்டு என்றே தெரியாது, ஏதோ பழைய வால்ஸ் என்று தலையாட்டுவார்கள். கத்தரிக்காய்ப் பையோடு ஒரு அம்மா நின்றார். முடியும் வரை நின்று, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்றார். ஆமாங்க என்றேன். எனக்கு ஒரே சந்தோஷம். "வேலை ஒண்டும் இல்லையோ?" என்றார். அடுத்து ஐந்து யூரோத் தாளை எடுத்து, பெட்டியில் போடாமல் என் சட்டைப் பையில் திணித்தார். வேலை இருக்கிறது, இது ஆசைக்கு என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லை, வைச்சிரும்" என்று கண் கலங்கப் போய்விட்டார். அந்தம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை. நல்ல மனசு. ஆனால் அடுத்த வாரத்துக்குள் காரைக்காலில் என் மாமியாருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போய்விட்டது: மாப்பிள்ளை பாரிஸில் தெருவில் நிற்கிறார்.

மெத்ரோவில் அக்கார்டியனோடு ஏறிக் காசு கேட்கிறவர்களைப் பார்த்து வருகிற நினைப்பு இது. அவர்களை நான் குறை சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதில் சிலர் என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக வாசிப்பார்கள். "இது வெள்ளைக்காரன் வாத்தியம், நமக்கு எதற்கு" என்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அக்கார்டியன் என்ற பெயரில் காப்புரிமை வாங்கியது 1829இல், வியன்னாவில். பாரிஸுக்கே இது குடியேறி வந்த வாத்தியம்தான். பாரிஸில் பாஸ்தி என்கிற பகுதியின் பக்கம் ரூ த லாப் தெருவில் ஓவேர்ஞ் மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கப்ரெத் என்ற தோல்பை வாத்தியத்தை வாசித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மியூசெத் என்ற பெயரே அந்தத் தோல்பை வாத்தியத்திலிருந்து வந்ததுதான். இத்தாலியிலிருந்து வந்தவர்கள் அக்கார்டியனைத் தூக்கி வந்து அந்த இடத்தைப் பிடித்தார்கள். அந்தத் தெருவுக்குப் பக்கத்திலேயே ரிஷார் லெனுவார் புல்வாரில் வியாழனும் ஞாயிறும் பெரிய சந்தை கூடுகிறது. ஞாயிறு காலையில் மூஃப்தார் தெருவின் அடியில் சேன் மெதார் தேவாலயத்துக்கு எதிரே அக்கார்டியனுக்குச் சனங்கள் கைகோத்து ஆடுவதையும் போய்ப் பாருங்கள். எழுபது வயதுப் பாட்டிகள்தான் அதிகம் ஆடுவார்கள். எந்த மெட்டுக்கு எந்தக் கால் நகர்கிறது என்று அங்கே பார்த்துத்தான் என் வேகத்தைக் குறைத்தேன். வீட்டுப் பழக்கத்தில் எல்லாரும் வேகமாகவே வாசிக்கிறோம்.

சொல்லாமல் விட மனசில்லை: சந்தையில் நின்றால் கௌரவக் குறைச்சல் என்கிற இதே ஆட்கள்தான் பொங்கல் விழாவுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், ஒரு சங்கம். மண்டபத்துக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, ஊரிலிருந்து வருகிற பட்டிமன்றக்காரருக்கு விமான டிக்கெட். வாசிக்கிறவனுக்கு மட்டும் "நம்ம ஆளுதானே" என்று ஒரு சால்வை. வீட்டில் அப்படி ஏழு சால்வை இருக்கிறது. ஒன்றை அக்கார்டியன் பெட்டிக்கு அடியில் விரித்து, அதன் மேல்தான் சில்லறை விழுகிறது. ஜரிகை பளபளப்பாக இருப்பதால் பிள்ளைகள் பார்த்து வருகிறார்கள்.

பணம் எவ்வளவு வரும் என்றும் உங்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும். எனக்கு நல்ல நாளில் 45, மழை நாளில் பூஜ்யம். மழை என்றால் போகவே போகாதீர்கள், துருத்தி அட்டையும் தோலும்தான். வருகிற பணத்தை வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள், நான் காட்டுகிறேன். பெட்டியில் முதலிலேயே நீங்களே நாலைந்து நாணயம் போட்டு வையுங்கள். காலிப் பெட்டியில் முதல் ஆளாகப் போட யாருக்கும் கை வராது. எல்லாம் ஒரு யூரோ, இரண்டு யூரோவாக இருக்கட்டும். பத்து சென்ட் போட்டு வைத்தால் பத்து சென்ட்தான் விழும்.

சில்லறையை என்ன செய்வது என்று முதல் வருடம் திண்டாடினேன். வங்கியில் முகம் சுளிக்கிறார்கள். ஒரே தடவையில் 50 நாணயத்துக்கு மேல் எந்தக் கடைக்காரரும் வாங்கியே ஆக வேண்டியதில்லை என்று யூரோ சட்டத்திலேயே இருக்கிறது. ரொட்டிக் கடைக்குப் போங்கள். ஞாயிறு மத்தியானம் அவர்களுக்குச் சில்லறை தீர்ந்துபோயிருக்கும். எங்கள் தெரு ரொட்டிக் கடையம்மா எண்ணிக்கூடப் பார்க்க மாட்டார், நான் சொல்கிற தொகைக்குத் தாளாகக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற குரோசானையும் பையில் போட்டுவிடுவார்.