அரண்மனைக்கு நடுவே முளைத்த காடு

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "பழைய டெஸ்க்டாப்பில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்குச் சர்வர் ஓட்டுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் சித்தி பிள்ளைகளோடு சேர்ந்து மூன்று வருடமாக ஒரு கற்பனை ராஜ்யம் கட்டிவருகிறோம். அதன் அரச வம்சம், போர்கள், தெய்வக் கதைகள் எல்லாம் அதே கணினியில் ஒரு விக்கியில் இருக்கின்றன. போன வாரம் கரண்ட் போய் வந்தபின் அரண்மனைக்கு நடுவே சதுரமாகக் காடு நிற்கிறது. பெரிய யுபிஎஸ் வாங்கட்டுமா? அப்புறம், மாடியில் உள்ள கேமிங் கணினியிலிருந்து கீழே டிவிக்கு ஸ்ட்ரீம் செய்தால் படம் திக்கித் திக்கி வருகிறது."

தம்பி, முதலில் சர்வரை நிறுத்துங்கள். உங்கள் உலகம் சேமிக்கப்பட்டிருக்கும் வேர்ல்ட் ஃபோல்டரை இப்போது இருக்கிறபடியே ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்தக் காடு எப்படி வந்தது என்றால், மைன்கிராஃப்ட் உலகத்தை 16-க்கு 16 கட்டமுள்ள சங்க்குகளாகப் பிரித்து, 32-க்கு 32 சங்க்குகளை ஒரு ரீஜன் கோப்பில் எழுதி வைக்கிறது. எழுதும்போதே கரண்ட் போனால் அந்தச் சங்க் அரைகுறையாக நின்றுவிடும். சர்வர் மறுபடி எழும்போது, படிக்க முடியாத சங்க்கை இல்லாதது என்று எடுத்துக்கொண்டு, உலகம் எந்த எண்ணிலிருந்து முதலில் உருவானதோ அந்தச் சீட் எண்ணை வைத்துப் புதிதாக உருவாக்கிவிடும். நீங்கள் முதல் கல் வைப்பதற்கு முன்பு அங்கே இருந்த காடுதான் இது.

பழைய பேக்கப் ஏதாவது இருந்தால் முழு உலகத்தையும் பின்னுக்கு இழுக்க வேண்டாம். அரண்மனை நிற்கும் இடத்தின் எக்ஸ், இசட் எண்களை 512-ஆல் வகுத்துக் கீழ்ப்பக்க முழு எண்ணாக்குங்கள். எக்ஸ் 700, இசட் 300 என்றால் ஆர்.1.0.எம்சிஏ (r.1.0.mca) என்ற ரீஜன் கோப்பு. அதை மட்டும் பழைய நகலிலிருந்து எடுத்துப் போடுங்கள். என்டிட்டீஸ் (entities), பிஓஐ (poi) ஃபோல்டர்களிலும் அதே பெயரில் கோப்பு இருக்கும், அவற்றையும் அதே நாள் நகலிலிருந்தே எடுக்க வேண்டும். அந்த 512 கட்டச் சதுரத்துக்குள் அதற்குப் பிறகு கட்டியதெல்லாம் போய்விடும் என்பதைச் சித்தி பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

யுபிஎஸ் விஷயத்தில் நான் பெரியது வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடையில் கிடைக்கும் சின்ன யுபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்ப்-அவர் பேட்டரிதான் இருக்கும். பெருக்கினால் 84 வாட்-அவர். 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பை அது அரை மணி நேரம் தாங்கினாலே அதிகம். ஈய பேட்டரியை அடிக்கடி அடிவரை இறக்கினால் சீக்கிரம் செத்தும்விடும். 2023-ல் ஸ்டேஜ் 6 மின்வெட்டு ஓடிய நாட்களில் இங்கே எத்தனையோ வீடுகளில் பேட்டரிகள் அப்படித்தான் போயின. சர்வரை ஒழுங்காக மூடுவதற்கு நேரம் வாங்கித் தரத்தான் யுபிஎஸ். யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, நட் (NUT) என்ற இலவச மென்பொருளைப் போட்டால், பேட்டரி குறைந்ததும் அதுவே சர்வரை நிறுத்திவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப். 8 ஜிபி ரேம் இருந்தால் நாலைந்து பேருக்குப் போதும். அதன் பேட்டரியே யுபிஎஸ். மின்சாரமும் டெஸ்க்டாப் தின்பதில் ஒரு பங்குதான். ஆனால் எந்நேரமும் பிளக்கில் கிடக்கும் பேட்டரி உப்பக்கூடும், ஆகவே சார்ஜ் வரம்பை 80 சதவீதத்துக்குக் குறையுங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் அந்த லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் போதும். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

விக்கியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அரண்மனையைத் திரும்பக் கட்டலாம். மூன்று வருடம் பேசிப் பேசி உருவான ராணிகளின் வம்சாவளியை யாராலும் அப்படியே திரும்பச் சொல்ல முடியாது. டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் எல்லாப் பக்கங்களையும் வெறும் எழுத்துக் கோப்புகளாகவே வைக்கிறது, தரவுத்தளம் கிடையாது. நகலெடுக்க ஃபோல்டரைத் தூக்கினால் போதும், சர்வரே செத்தாலும் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். அதற்கு மாறிவிடுங்கள்.

தினமும் ராத்திரி ஒரு பேக்கப் ஓடட்டும். நகலெடுக்கும் முன் சர்வருக்குச் சேவ்-ஆஃப், அடுத்துச் சேவ்-ஆல் ஃப்ளஷ் என்ற கட்டளைகள், நகல் முடிந்ததும் சேவ்-ஆன். இந்தக் கடைசியை மறந்தால் உலகம் தானாகச் சேமிக்கப்படுவதே நின்றுவிடும். வாரம் ஒரு நகல் ஜோகன்னஸ்பர்க்கில் சித்தி வீட்டுக்குப் போகட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த டர்பன்காரர்களுக்கு, எல்லா நகலும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

டிவி விஷயம் சுலபம். கேமிங் கணினியில் சன்ஷைன், டிவியில் மூன்லைட் என்ற மென்பொருள் ஜோடியைப் பயன்படுத்துங்கள், இரண்டும் இலவசம். திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வைஃபைதான். சாட்ஸ்வர்த்தின் ஒட்டு வீடுகளில் பக்கத்து வீட்டு ரவுட்டரும் உங்கள் சுவருக்கு அந்தப்பக்கம்தான் இருக்கும். கேமிங் கணினியையாவது கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிட்டு, டிவியை 5 கிகாஹெர்ட்ஸில் விடுங்கள். 1080பி, 60 ஃபிரேமுக்கு 20 எம்பிபிஎஸ்ஸில் தொடங்கிப் பாருங்கள். கேபிள் கேட்-6 போதும், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.