ஆட்டின் கண்ணில் வெள்ளை படர்ந்தால்: களிம்பைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 12 வெள்ளாடுகள் வளர்க்கிறேன். ஒரு வாரத்துக்கு முன் ஓர் ஆட்டுக்குக் கண்ணில் நீர் வடிந்தது. இப்போது நான்கு ஆடுகளுக்கு அப்படி இருக்கிறது. முதல் ஆட்டின் கருவிழி வெளுத்து, ஓரத்தில் சிவப்பு ஓடுகிறது. நிறைசினையாக உள்ள ஓர் ஆடு இரண்டு கண்ணையும் திறக்கவே இல்லை. மனிதர்களுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து வீட்டில் பாதி இருக்கிறது. அதை விடலாமா? பார்வை திரும்புமா?

பதில்: விட வேண்டாம். அந்தச் சொட்டு மருந்தின் பெட்டியை எடுத்துப் படித்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. சிவப்பையும் வீக்கத்தையும் விரைவில் அடக்கிவிடும், கண் தெளிந்ததுபோலவும் தெரியும். ஆனால் கருவிழியில் புண் இருந்தால் அதை ஆற விடாது. கிருமி உள்ளே இறங்கவும் வழிவிடும். தானாக ஆறக்கூடிய புண்கூட இதனால் ஓட்டையாகிக் கண்ணே போகலாம். குளோராம்பெனிகால் என்று எழுதியிருந்தால் அதுவும் ஆகாது. பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுக்கப் பல நாடுகளில் தடை உண்டு. இரண்டும் இல்லாவிட்டாலும், திறந்து பல நாளான புட்டிக்குள் என்ன கிருமி வளர்ந்திருக்கிறதோ தெரியாது.

பார்வையைப் பற்றிய பயம் இப்போது வேண்டாம். கருவிழி வெளுப்பது, அதற்குள் நீர் கோத்து வீங்குவதால். வீக்கம் வடிந்தால் வெள்ளையும் கலையும். ஓரத்திலிருந்து நடுப்பக்கம் ஓடிவரும் சிவப்பு பலரைக் கலங்க வைக்கிறது. உண்மையில் அது புண்ணை ஆற்றப் புதிதாக வளர்ந்து வரும் இரத்தக் குழாய்கள்; உடல் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். லேசான கண்ணோய் ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும். புண் ஆழமாக இருந்தால் மூன்று, நான்கு வாரமும் ஆகலாம். சில ஆடுகளுக்கு நடுவில் சிறு வெண்தழும்பு நிற்கும். அதோடும் ஆடு நன்றாகவே மேயும்.

ஒரு வாரத்தில் நான்கு ஆடுகளுக்குப் பரவியதால் இது தொற்று என்றே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளாடுகளில் இதற்கு முக்கியக் காரணம் மைகோபிளாஸ்மா, கிளமிடியா என்ற இரு வகைக் கிருமிகள். மாடுகளுக்கு வரும் கண்ணோயில் முதன்மையானது மொராக்செல்லா போவிஸ் என்ற வேறு கிருமி. ஆகவே மாட்டுக்கான தடுப்பூசி ஆட்டுக்கு உதவாது. மருந்துத் தேர்வும் இதைப் பொறுத்ததுதான். பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் செல்சுவரைத் தாக்கிக் கொல்பவை. மைகோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. எத்தனை ஊசி போட்டாலும் வீண். டெட்ராசைக்ளின் வகை இரண்டு கிருமிகளுக்கும் வேலை செய்கிறது.

இருந்தாலும் நான்கு ஆடுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் கீழிமையை இழுத்துப் பார்த்து, மேலிமையைத் தூக்கி, மூக்கோரமாக உள்ள மூன்றாம் இமையின் மடிப்பிலும் தேடுங்கள். புல்லின் கூர்முனை அங்கே சொருகியிருந்தால் எந்தக் களிம்பும் பயன் தராது. ஓர் ஆட்டுக்கு மட்டும், அதிலும் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். மடிப்பில் தளர்வாகக் கிடப்பதை உப்புநீரால் கழுவி எடுக்கலாம். கருவிழியிலேயே குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. கண்ணை மரத்துப்போகச் செய்து மருத்துவர் எடுக்கட்டும். வெள்ளை நூல்போல நெளிந்தால் அது கண்புழு; ஈக்கள் பரப்புவது, அதற்கான மருந்தே வேறு. பிறந்த குட்டிக்கு நீர் வடிந்தால் கீழிமை உள்ளே மடங்கி, முடி விழியை உரசுகிறதா என்று பாருங்கள்.

பிறகு கழுவ வேண்டும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்துக்கொள்ளுங்கள். ஊசி நீக்கிய சிரிஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லப் பாய்ச்சி, காய்ந்த பீளையை ஊறவைத்துத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. மறு கண்ணுக்குப் புதுப் பஞ்சு. மிஞ்சிய நீரை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். உப்பையோ மாத்திரைப் பொடியையோ கண்ணில் ஊதுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். துகள் ஒவ்வொன்றும் புண்ணை மேலும் கீறும்.

களிம்பு கண்ணுக்கென்றே தயாரித்த டெட்ராசைக்ளின் களிம்பாக இருக்க வேண்டும். ஆட்டை மூலையில் நிறுத்தி, ஒரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக் கீழிமையை இழுத்தால் ஒரு பை மாதிரி விரியும். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிதுக்கி, இமைகளை அரை நிமிடம் மூடிப் பிடியுங்கள். குழாயின் நுனி கண்ணில் படக் கூடாது. பட்டால் அந்தக் குழாய் அந்த ஆட்டுக்கு மட்டுமே. வடியும் கண்ணீர் மருந்தையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் நாளுக்கு மூன்று, நான்கு முறை போட வேண்டியிருக்கிறது. காலையில் ஒரு தடவை மட்டும் போட்டுவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்பதே அதிகம் நடக்கும் தவறு. நீர் வடிவது நின்றபின்னும் இரண்டு, மூன்று நாள் தொடருங்கள்.

கருவிழி வெளுத்த ஆட்டுக்கும், நாளுக்கு நான்கு முறை களிம்பு போட முடியாத மந்தைக்கும் நீண்டநேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி பொருத்தமானது. வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள புட்டியானால் 10 கிலோவுக்கு 1 மில்லி; 25 கிலோ ஆட்டுக்கு 2.5 மில்லி. தசையில் போட்டு, மூன்று நாள் கழித்துத் தேவையானால் இன்னொரு முறை. மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள புட்டியும் கடையில் இருக்கும். அது நீண்டநேரம் நிற்காது, அதன் கணக்கும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் சீட்டு வாங்கும்போதே, பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சினையாட்டை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறோம். இந்த ஊசி வயிற்றுக் குட்டியின் எலும்பையும் பல்லையும் பாதிக்கக்கூடியது. ஆகவே அதற்கு ஊசியை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். அதுவரை கழுவிக் களிம்பு போட்டு வாருங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து பட்டினி. இரு கண்ணும் மூடிய ஆட்டால் தீவனத்தைத் தேடிப் போக முடியாது. சினையின் கடைசி மாதத்தில், குறிப்பாக இரட்டைக் குட்டி இருந்தால், ஓரிரு நாள் சரியாகத் தின்னாவிட்டாலும் உடல் தன் கொழுப்பைக் கரைத்துச் சினைக்கால நச்சு நிலைக்குப் போய்விடலாம். கண்ணோயில் பிழைக்கும் ஆடு இதில் செத்துவிடும். நிழலான சிறு அடைப்பில் விட்டு, தீவனத்தையும் நீரையும் வாய்க்கு நேரே வையுங்கள். முகத்தைத் தொட்டியில் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டினால் இடத்தைப் பழகிக்கொள்ளும். மந்தமாகிப் பல்லை நெறித்தாலோ, எழுந்திருக்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

மற்ற மூன்றுக்கும் நிழல் வேண்டும். வெயில் பட்டால் நோயுள்ள கண் கடுமையாக வலிக்கும். வலிக்கு மெலாக்சிகாம் தரலாம். கண்மணி சுருங்கி வலியில் துடிக்கும் ஆட்டுக்கு மருத்துவர் அட்ரோபின் சொட்டும் தருவார். அது கண்மணியை விரிப்பதால் வெளிச்சம் இன்னும் கூசும்.

களிம்பு தொடங்கி மூன்று நாளில் கொஞ்சமும் குறையாவிட்டாலும், கருவிழியின் நடுவில் கூராகப் புடைத்தாலும், அதில் கருப்பாக ஏதாவது பிதுங்கினாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல் சேர்ந்தே வந்தால் அது கண்ணோய் அல்ல, ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். ஒரு பக்க இமையும் காதும் தொங்கி, எச்சில் ஒழுகி, ஆடு வட்டமடித்தால் லிஸ்டீரியா என்ற கிருமி மூளையைத் தாக்கியிருக்கலாம். கெட்டுப்போன சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனம்) தின்ற ஆடுகளுக்கு அதிகம் வருவது இது. சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். கருவிழி தெளிவாக இருந்தும் ஆடு கண் தெரியாமல் முட்டிக்கொண்டால், கோளாறு கண்ணில் இல்லை, தயமின் (வைட்டமின் பி1) குறைவால் மூளையில் இருக்கலாம்.

நோயுள்ள நான்கையும் இன்றே பிரித்துவிடுங்கள். முகத்தோடு முகம் உரசுவது, ஒரே தொட்டியில் தின்பது, ஈ, உங்கள் கை எல்லாமே இதைக் கடத்தும். நல்ல ஆடுகளின் வேலையை முதலில் முடித்துவிட்டு, நோயாட்டைக் கடைசியாகத் தொட்டு, சோப்பால் கை கழுவுங்கள். சாணத்தை அன்றாடம் அகற்றினால் ஈ குறையும். குணமான ஆடு பல வாரம் கிருமியைச் சுமந்து திரியலாம், அதற்கே மறுபடி நோயும் வரலாம். அதனால் அடுத்து வாங்கும் ஆட்டையோ கிடாவையோ, கண் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், மூன்று, நான்கு வாரம் தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே மந்தையில் சேருங்கள்.