ருமேனியாவில் ரோமா மக்களிடையே ஊழியப் பயணம்: குழு எப்படித் தயாராக வேண்டும்?

பத்துப் பேர் கொண்ட சபைக் குழு இரண்டு வாரம் போகிறது, என்னென்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள்களுக்கு முன் அழைப்பைப் பாருங்கள். ரோமாக்கள் என்போர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஐரோப்பா போன இனத்தார். அங்கே ரோமா விசுவாசிகளே நடத்தும் பெந்தெகொஸ்தே சபைகள் உண்டு. உங்களை அழைக்கும் சபையின் போதகர் கேட்கும் வேலைக்குத்தான் போக வேண்டும்.

வேனிலிருந்து துணியும் மிட்டாயும் விநியோகிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தள்ளுமுள்ளு வரும், கிடைக்காத வீட்டாருக்கு மனக்கசப்பு வரும். நீங்கள் திரும்பியபின் அதைச் சுமப்பவர் போதகர். பணத்தைச் சபையிடம் கொடுத்தால், குடும்ப நிலவரம் அறிந்த அவர்களே உள்ளூரில் வாங்கிக் கொடுப்பார்கள். செப்டம்பரில் பள்ளி திறக்குமுன் நோட்டும் காலணியும், குளிருக்கு முன் விறகும் உண்மையாகவே உதவும்.

ரோமாக்களை இழிவாகக் குறிக்கும் ‘ட்சிகான்’ என்ற ருமேனியச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள். 1850களின் நடுப்பகுதி வரை அந்த மண்ணில் ரோமாக்கள் அடிமைகள். அச்சொல்லுக்கு அடிமை என்றே பொருள் இருந்தது. வீட்டில் காபி கொடுத்தால் மறுக்க வேண்டாம். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளைப் படமெடுக்கவே கூடாது.

மொழிபெயர்ப்போடு 30 நிமிடப் பிரசங்கம் என்றால் கையில் 15 நிமிடச் செய்திதான் இருக்க வேண்டும். ரோமாக்களின் மொழியான ரோமானியில் தண்ணீர் ‘பானி’, கடவுள் ‘தெவெல்’. இந்தியாவிலிருந்து போன மொழி அது; இந்த இரண்டு சொல்லே பேச்சைத் தொடங்கிவைக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும், 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டோடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று எழுதாமல், அழைப்புக் கடிதத்தில் உள்ளதையே எழுதுங்கள்.