கேள்வி – பதில்: காகத்தாயும் தொப்பி மனிதனும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி வகுப்பறையைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒரு நாட்டின் பண்பாடு, அரசு, பொருளாதாரம் மூன்றும் சேர்ந்து மனிதரின் அடையாளத்தை எப்படி உருவாக்குகின்றன என்று சொல்லித்தர வேண்டும். பிள்ளைகளோ ‘பண்பாடு என்றால் உணவு, உடை, திருவிழா’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். எங்கே தொடங்குவது?
– ஓர் ஆசிரியை

பதில்: மூன்றையும் தனித்தனியாக நடத்தினால் அப்படித்தான் ஆகும். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, எதில் என்ன வரும் என்று நிரப்பச் சொன்னவன்தான். அழகாக நிரப்பினார்கள். அடுத்த வாரம் கேட்டால் கட்டம் மட்டும்தான் நினைவிருந்தது. தலைப்பில் தொடங்காதீர்கள், ஒரு பொருளில் தொடங்குங்கள்.

யூரோவை எடுத்துக்கொள்ளுங்கள், படம் இருந்தாலே போதும். 2002 ஜனவரி 1 அன்று 12 நாடுகளில் அதன் நோட்டும் காசும் ஒரே நாளில் புழக்கத்துக்கு வந்தன. நோட்டில் யார் முகத்தைப் போடுவது? ஒரு நாட்டின் தலைவரைப் போட்டால் மற்ற 11 நாட்டுக்காரர்களும் முகம் சுளிப்பார்கள், புகழ்பெற்ற கட்டடம் எதையாவது போட்டாலும் அதே கதைதான். அதனால் முன்பக்கம் சன்னல்களும் வாயில்களும், பின்பக்கம் பாலங்களும் வரைந்தார்கள், எல்லாமே கற்பனை, எந்த நாட்டிலும் இல்லாதவை. (பிற்பாடு நெதர்லாந்தில் ஓர் ஊரில் அந்த ஏழு பாலங்களையும் நிஜமாகவே கட்டிவிட்டார்கள். கற்பனைக்குக்கூடச் சொந்தக்காரர் வந்துவிடுகிறார் பாருங்கள்.) ஆனால் காசில் மட்டும் ஒரு பக்கத்தை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டார்கள். அயர்லாந்து தன் யாழைப் போட்டது, ஆஸ்திரியா ஒரு யூரோ காசில் இசைமேதை மோட்சார்ட்டைப் போட்டது, கிரீஸ் பழைய ஏதென்ஸ் நாணயத்தில் இருந்த ஆந்தையை மறுபடி கொண்டுவந்தது.

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: நோட்டில் ஏன் இல்லாத பாலம், காசில் ஏன் இருக்கிற ஆந்தை? பதில் தேடப் போனால் மூன்றும் தானாக வந்து விழும். ஒரே சந்தை வேண்டும் என்பது பொருளாதாரம், அதற்காக அரசுகள் வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசியது அரசியல், அப்படியும் விட்டுக்கொடுக்க மனம் வராத யாழும் ஆந்தையும் பண்பாடு. காசைத் தூக்கிப் பார்க்கிற குழந்தை இதையெல்லாம் யோசிப்பதில்லை, ஆனால் தினமும் அதைப் பார்த்துத்தான் ‘நாம்’ என்றால் யார் என்று பழகுகிறது. இதை யார் முடிவு செய்தார்கள், யாருக்கு இதில் இடமில்லாமல் போனது என்ற இரண்டு கேள்விகளும் ஒரு வருடம் முழுக்க உங்களுக்குக் கைகொடுக்கும்.

கேள்வி: மூன்றில் எதற்கு வலு அதிகம்? நண்பர் எல்லாம் பண்பாடுதான் என்கிறார். நான் பணம்தான் என்கிறேன்.
– வாதம் முடியாத இருவரில் ஒருவர்

பதில்: இரண்டு பேரும் கொஞ்சம் தோற்கத் தயாராக இருங்கள். 1949-ல் ஜெர்மனி கிழக்கு, மேற்கு என்று இரண்டு நாடாக ஆனது. ஒரே மொழி, ஒரே இலக்கியம், ஒரே பாட்டன் பூட்டன். 1990 அக்டோபர் 3 அன்று திரும்பவும் ஒன்றானது. நடுவில் 41 ஆண்டுகள். பண்பாடுதான் எல்லாம் என்றால் இரண்டு பக்கத்து மனிதர்களும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும், இல்லையா?

தாய் என்ற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். கிழக்கில் வேலைக்கு ஆள் போதவில்லை, பெண்கள் வந்தாக வேண்டும், அதனால் அரசு ஏராளமாகக் குழந்தைக் காப்பகங்களைத் திறந்தது. மேற்கிலோ, குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாத வரைதான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று 1977 வரை சட்டமே இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளை அங்கே ‘ராபென்முட்டர்’ என்பார்கள், அதாவது அண்டங்காக்கைத் தாய். நமக்குக் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அவர்களுக்கு அதே பறவை வசவு! கிழக்கில் வேலைக்குப் போகிற தாய் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமே இல்லை. ஆக, ‘நல்ல தாய் யார்’ என்பதையே ஒரு பக்கம் ஆள் பற்றாக்குறையும் இன்னொரு பக்கம் சட்டப் புத்தகமும் எழுதியிருக்கின்றன. அது பணத்துக்கும் அரசுக்கும் கிடைத்த வெற்றி, உங்கள் பக்கம் பாதி நியாயம். ஆனால் அந்தச் சட்டம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பணமும் ஒன்றாகிவிட்டது, அந்தச் சொல் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது உங்கள் நண்பருக்கு.

இன்னொன்றும் உண்டு, இது மூன்றிலும் சேராது. கிழக்கு ஜெர்மனியில் தெருவைக் கடக்கிறவர்களுக்கான சிக்னலில் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன் இருந்தான். கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் 1961-ல் வடிவமைத்தது. நாடு ஒன்றானதும் அவனைக் கழற்றிவிட்டு மேற்கின் பொம்மையை மாட்டத் தொடங்கினார்கள். அங்கேதான் சிக்கல். அந்த அரசு போனதில் துளிக்கூட வருத்தமில்லாதவர்களும் தொப்பி மனிதனுக்காகக் கொடி பிடித்தார்கள். கடைசியில் அவன் தங்கிவிட்டான், பெர்லினின் மேற்குப் பகுதிகளுக்கும் போய்ச் சேர்ந்தான். மேலிருந்து கொடுத்ததை மக்கள் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை, தேவையானதைப் பொறுக்கி எடுத்துத் தங்களுடையது ஆக்கிக்கொள்கிறார்கள். பாடம் நடத்தும்போது இதை விட்டுவிட்டால் பிள்ளைகள் தங்களை யாரோ பிசைந்து வைத்த களிமண் என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: என் மகளின் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து ‘என் அடையாளம்’ என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார்களாம். அவள் அன்று முழுவதும் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. இந்தப் பாடமெல்லாம் பிள்ளைகளுக்குத் தேவைதானா?
– ஒரு தந்தை

பதில்: பாடம் தேவை, அந்தப் பயிற்சி தேவையில்லை. நாற்பது பேர் முன்னால் ஒரு குழந்தையை எழுப்பி நீ யார், எந்த மதம், எந்த மொழி, அப்பா என்ன வேலை என்று சொல்லவைப்பது அடையாளத்தைப் பற்றிச் சொல்லித்தருவது ஆகாது, அந்தக் குழந்தையின் நெற்றியில் சீட்டு ஒட்டுவது. சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும். மற்றவர்களை விட்டுவிட வேண்டும். தயங்காமல் பள்ளியில் போய் இதைச் சொல்லுங்கள்.

சீட்டு ஒட்டினால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைத்தான் சொல்ல வேண்டும். அங்கே மக்கள் பிரிவுகளுக்கு ஹூட்டு, டுட்சி என்ற பெயர்கள் பழைய காலத்திலிருந்தே உண்டு. ஆனால் பேசுவது ஒரே கின்யர்வாண்டா மொழி, வாழ்வது பக்கத்துப் பக்கத்துக் குன்றுகளில். மாட்டுச் செல்வம், அரசவையோடு இருந்த நெருக்கம் இவற்றைப் பொறுத்து அந்த எல்லை ஓரளவு நெகிழ்ந்தும் கொடுத்தது. 1930-களில் பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கொடுத்து, அதில் ஹூட்டு, டுட்சி, இல்லாவிட்டால் ட்வா என்ற மூன்றாவது பிரிவு என்று பதித்தது. அதோடு நெகிழ்வு போய்விட்டது. 1994-ல் சாலைத் தடுப்புகளில் நிறுத்தி அந்த அட்டையைப் பார்த்துத்தான் யார் சாக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஏறக்குறைய 100 நாட்களில் சுமார் 8 லட்சம் பேர். பிறகு வந்த அரசு அட்டையிலிருந்து அந்த வரியையே எடுத்துவிட்டது.

இதைப் பத்தாம் வகுப்புக்கு மேல்தான் நடத்துவேன், அதுவும் படங்கள் எதுவும் காட்டாமல். சின்ன வகுப்புக்கு மென்மையான உதாரணங்களே போதும்: அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனக் கட்டங்களில் குறியிட முடிந்தது. சிங்கப்பூரில் 2011 முதல் கலப்புத் திருமணத்தில் பிறந்த குழந்தைக்குத் தாய், தந்தை இருவரின் இனத்தையும் சேர்த்துப் பதியலாம். மனிதர்கள் முன்பும் அப்படித்தான் இருந்தார்கள், படிவத்துக்குத்தான் புத்தி வர இவ்வளவு நாள் ஆனது.

கேள்வி: பிறந்தது ஒரு நாடு, படிப்பது இன்னொரு நாடு. இரண்டு இடத்திலும் ‘நீ எங்கிருந்து வந்தாய்’ என்கிறார்கள். நான் எந்த நாட்டுக்காரன்?
– ஒரு மாணவன்

பதில்: தம்பி, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் உனக்கு என்ன தோன்றுகிறது என்பதையும் முதலில் தனித்தனியாக வைத்துக்கொள். சட்டம் நாளுக்கு நாள்கூட மாறும். ஜெர்மனியில் வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கு, 1999 டிசம்பர் 31 வரை, அந்த மண்ணில் பிறந்த ஒரே காரணத்தால் குடியுரிமை கிடைக்காது. மறுநாள் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் 8 ஆண்டுகள் சட்டப்படி அங்கே வாழ்ந்திருப்பது போன்ற சில நிபந்தனைகளோடு, தானாகவே கிடைத்தது. ஒரே மருத்துவமனை, ஒரே தொட்டில், ஒரு ராத்திரி வித்தியாசம்! பாஸ்போர்ட் கேட்டால் சட்டத்தின் பதிலைக் கொடு. நண்பர்கள் கேட்டால் இரண்டு ஊரையும் சொல். ‘சரி, நிஜமாக எங்கிருந்து?’ என்று மறுபடி கேட்கிறவனிடம் நேரம் இருந்தால் பேசு, இல்லாவிட்டால் விட்டுவிடு.

கேள்வி: இதையெல்லாம் பேசினால் வகுப்புக்குள் அரசியல் வந்துவிடாதா?

பதில்: வரும். அரசைப் பற்றிய பாடத்தில் அரசியல் வராமல் வேறு எதில் வரும்? கட்சிப் பிரச்சாரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: எல்லாம் சரி, இதற்குத் தேர்வில் எப்படி மதிப்பெண் போடுவது?
– இன்னோர் ஆசிரியர்

பதில்: பாடத்தில் நடத்தாத ஒன்றைக் கொடுங்கள். சுவிட்சர்லாந்தின் தபால்தலை நல்ல கேள்வி. அந்த நாட்டில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என்று நான்கு தேசிய மொழிகள். தபால்தலையில் நாட்டின் பெயர் நான்கிலும் இருக்காது, ‘ஹெல்வெட்டியா’ என்று இலத்தீனில் இருக்கும். ஏன், என்று 10 மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பெயினின் தேசிய கீதம்: அதற்கு அதிகாரபூர்வமான வரிகளே கிடையாது, இசை மட்டும்தான். வரி எழுத உட்கார்ந்தால் யார் யாருக்குள் சண்டை வரும் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே சரியான விடை இருக்காது, அதனால் விடையைத் திருத்தாதீர்கள், காரணத்தைத் திருத்துங்கள். மூன்றில் இரண்டையாவது கோத்துக் காட்டினால் 6 போடலாம், இதில் யார் விடுபட்டார்கள் என்றும் யோசித்திருந்தால் மேலே போகலாம். மறுபடியும் ‘உணவு, உடை, திருவிழா’ என்றே எழுதி வைத்திருந்தால் கையெழுத்துக்கு ஒன்று போட்டுவிடுங்கள்.