முன்காலா, பின்காலா?

அன்புள்ள ஐயா,

சீல், கடற்சிங்கம், வால்ரஸ் மூன்றும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் சீல் பின்காலை உதைத்து நீந்துகிறது. கடற்சிங்கம் முன்காலை வீசி நீந்துகிறது. ஒரே வம்சத்தின் நீச்சல் இப்படியா பிரியும்? தனித்தனியாகக் கடலுக்குப் போனவை என்றுதானே தோன்றுகிறது?

எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

உங்கள் சந்தேகம் பழைய சந்தேகம். இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் விலங்கியலாளர் பலர் இதையே சொன்னார்கள்: கடற்சிங்கமும் வால்ரஸும் கரடிக்கு உறவான ஒன்றிலிருந்து வந்தன, சீல் நீர்நாய்க்கு உறவான ஒன்றிலிருந்து வந்தது என்று. 1980களில் எலும்புகளை ஒப்பிட்டவர்கள் இதை மறுத்தார்கள். பிறகு டி.என்.ஏ. ஆய்வுகள் ஒரே வம்சம்தான் என்று வழக்கை முடித்துவைத்தன.

ஆனால் அது மட்டும் உங்கள் கேள்விக்குப் பதிலாகாது. பதில் கலிஃபோர்னியாவில் கிடைத்த எனாலியார்க்டோஸிடம் இருக்கிறது. சுமார் 2.3 கோடி ஆண்டு பழையது, நான்கு கால்களும் துடுப்பாகிவிட்ட விலங்கு. ஏறக்குறைய முழுமையான அதன் எலும்புக்கூட்டை 1989இல் விவரித்தவர்கள், முன்கால் பின்கால் இரண்டாலும் அது நீந்தியது என்றார்கள். இரண்டு வித்தையும் வீட்டிலேயே இருந்தன. வாரிசுகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டன.

சீலுக்கு இதில் கரையில் நஷ்டம். பின்கால்களை முன்னால் மடக்க முடியாமல் வயிற்றால் ஊர்கிறது. கடற்சிங்கம் மடக்கி நடக்கும்; சர்க்கஸில் பந்தை மூக்கில் நிறுத்தும் ‘சீல்’ பெரும்பாலும் அதுதான். வால்ரஸ் எந்தக் கட்சியிலும் சேராது. நீரில் பின்காலால் உந்தும், கரையில் கடற்சிங்கம்போல நடக்கும். இரண்டு வம்சம் என்று சொன்ன பழைய விலங்கியலாளர்கள் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

துடுப்புக்கு முந்தைய நிலை எப்படி இருந்திருக்கும்? 2007இல் கனடாவின் டெவன் தீவில் ஓர் ஆய்வுக்குழுவின் வண்டி எரிபொருள் தீர்ந்து நின்றது. காத்திருந்த நேரத்தில் கண்ணில் பட்ட எலும்புதான் புயீலா. 2009இல் அதை விவரித்தார்கள். சுமார் ஒரு மீட்டர் நீளம், நீண்ட வால், துடுப்பில்லை. நான்கு பாதங்களிலும் விரலிடைச் சவ்வு. நான்கு காலாலும் துழாவியிருக்க வேண்டும். கிடைத்த இடம் பழைய நன்னீர் ஏரிப்படிவு. நிலவிலங்கு நன்னீர் வழியாகக் கடலுக்குப் போயிருக்கலாம் என்று டார்வின் ஊகித்திருந்ததால் இனப்பெயரில் அவரையும் சேர்த்தார்கள். ஆனால் எனாலியார்க்டோஸ் வகைகளில் மிகப் பழையவை புயீலாவுக்கும் முந்தையவை. ஆகவே இது சீலின் கொள்ளுப்பாட்டி இல்லை. கொள்ளுப்பாட்டியின் தங்கை, ஊரைவிட்டு வராமல் தங்கிவிட்டவள்.

நன்னீர் என்றதும் ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் வாழும் நன்னீர்ச் சீலை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதன் முன்னோர் கடற்சீல்கள். அந்த ஏரிக்கு வந்தது வெகு பின்னால்.